மடியில் கனம்

உங்கள் வீட்டிலிருந்து யாராவது அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ புறப்பட்டிருக்கிறார்களா? அப்படியானால் நான் சொல்லப் போகும் காட்சி உங்களுக்குப் புதிதல்ல. பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே கூடத்தின் நடுவில் இரண்டு ராட்சசப் பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு படுத்துவிடும். வீட்டில் நடமாடுகிறவர்கள் எல்லோரும் அவற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். போகிற போக்கில் ஆளுக்கு ஒரு பொட்டலத்தை அதற்குள் போட்டுவிட்டுப் போவார்கள்.

2023-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கைக்குத் தலைப் பிரசவம். அம்மா புறப்பட்டாள். பிரசவ லேகியம், வசம்பு, விளக்கெண்ணெய், பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பூண்டு வற்றல், அப்பாவின் பழைய மல் வேஷ்டிகளைக் கிழித்து மூட்டி அடித்த துணிகள் நாற்பது. ஒரு பெட்டிக்கு 23 கிலோ. அதற்கு மேல் கால் கிலோ ஏறினாலும் விமான நிலையத்தில் மானம் போய்விடும் என்று அப்பா கொக்கித் தராசு ஒன்று வாங்கி வந்து காலையும் மாலையும் நிறுத்துக்கொண்டே இருந்தார். பருப்புப் பொடிக்கும் வேஷ்டித் துணிக்கும் நடுவில் நடந்த போராட்டத்தை எழுதினால் அதுவே ஒரு தொடர்கதை ஆகும்.

போதாக்குறைக்கு, நான் பத்திரிகைக்காரி. "வெளிநாட்டுப் பயணமா? பெட்டி கட்டுவது எப்படி?" என்று இந்தப் பக்கங்களிலேயே வாசகிகளுக்கு உபதேசம் செய்தவள். எந்தப் பெட்டியில் எதை எங்கே வைக்கவேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தேன். அம்மாவின் பெட்டிகள் அந்தப் படத்தின்படியே கட்டப்பட்டன.

அவ்வளவு பாடுபட்டோமே, அம்மா காலடியில் வைத்துக்கொள்ளப் போகிற பையைப் பற்றி எத்தனை நேரம் யோசித்தோம் என்று கேளுங்கள். ஐந்து நிமிஷம்கூட இல்லை! சக்கரம் வைத்த சின்னப் பெட்டி ஒன்றில் 7 கிலோவுக்குத் துணிமணியும், ஆறு மாசத்து மாத்திரைகளும், சால்வையும், டாக்டரின் கடிதமும். தோளில் மாட்டிக்கொள்ள ஒரு கைப்பை. ஏதோ ஒரு கல்யாணத்தில் பரிசாக வந்தது. முத்து வைத்துத் தைத்தது. அதில் பாஸ்போர்ட்டும், கைக்குட்டையும், பிள்ளையார் படமும் கொள்ளும். அத்துடன் சரி.

மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கூடவே எடுத்துப் போகவேண்டும் என்பது எனக்குத் தெரியும். பெரிய பெட்டி வழி தவறிப் போனால் மாத்திரையும் போய்விடும் அல்லவா? இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இதில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். சாமான் அறையின் குளிரில் அது உறைந்துவிட்டால் பிறகு பிரயோஜனப்படாது. இதெல்லாம் என் கட்டுரையில் இருந்தது. ஆனால் விமானத்துக்குள் இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு என்பதுதான் அதில் இல்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அம்மாவுக்குத் தலைக்கு மேலேயே இருந்தது கைக்கே எட்டவில்லை.

நடந்தது இதுதான். சென்னையிலிருந்து நாலு மணி நேரம் பறந்து, வளைகுடா ஊர் ஒன்றில் இறங்கி, வேறு விமானம் ஏறினாள். இனி 16 மணி நேரம். மேகத்தைப் பார்த்துக்கொண்டு போகட்டும் என்று ஆசை ஆசையாக ஜன்னலோர ஆசனத்தை நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. அதற்கடுத்து, நடைபாதை ஓரமாக, வாட்டசாட்டமான ஓர் இளைஞன். சின்னப் பெட்டியை அந்தப் பிள்ளைதான் தூக்கி மேலே தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினான். அம்மா மகிழ்ந்துபோய் அவனை ஆசீர்வதித்தாள். விமானம் கிளம்பி, சாப்பாடு வந்து, விளக்கை அணைத்தார்கள். இளைஞன் போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான், மூதாட்டியும் தூங்கிவிட்டாள்.

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டுக்கொள்ளும் வேளை வந்தது. மாத்திரை மேலே. சர்க்கரை மாத்திரையும் மேலே. குளிர் எடுத்தது, சால்வை மேலே. படிக்கிற கண்ணாடியும் மேலே. ஒரு பொத்தானை அமுக்கினால் பணிப்பெண் வருவாள் என்று நான் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். அம்மா அமுக்கவில்லை. தண்ணீர் குடித்தால் எழுந்து போகவேண்டி வருமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டாள். இப்படியே மடக்கிய காலோடு கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? பல நாள் கழித்துப் பேச்சோடு பேச்சாக அவளே சொன்னாள். ஏதோ பக்கத்து வீட்டுக்காரிக்கு நடந்ததைச் சொல்வதுபோல!

"ஏம்மா, அந்தப் பையனை எழுப்பினால் என்ன?"

"பாவம்டி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். நம் ராஜு வயசுதான் இருக்கும். எழுப்ப மனசு வரவில்லை."

சான் பிரான்ஸிஸ்கோவில் வந்து இறங்கிய அம்மாவின் கால்களைப் பார்த்துவிட்டுத் தங்கை பதறிப்போனாள். இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு உள்ளே நுழையவில்லை. இடது ஆடுசதையில் தொட்டால் வலி. தாய்க்குத் துணையாக வந்தவளைக் கூட்டிக்கொண்டு, எட்டு மாச வயிற்றுடன் மகள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கான் எடுத்தார்கள். முடிவு வரும்வரை இரண்டு மணி நேரம். இங்கே எங்களுக்கு நடுநிசி. டெலிபோனைப் பிடித்தபடி அப்பா கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். அந்தக் கொக்கித் தராசு கண்ணில் பட்டதும் அதை எடுத்துப் பரணில் எறிந்தார்.

தெய்வாதீனமாக ஒன்றும் இல்லை. வெறும் நீர்வீக்கம். இரண்டே நாளில் வடிந்துவிட்டது. ஆனால் டாக்டர் பயந்ததில் தவறில்லை. நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ஆம் வருஷமே ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டிருக்கிறது. நல்ல ஆரோக்கியமுள்ளவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்பதுதான் கணக்கு. ஆகவே நீங்கள் கலவரப்படவேண்டாம். ஆனால் அந்த ஒருவர் நம் அம்மாவாக இருந்துவிட்டால் என்று நினைத்துப் பார்த்தவர்களுக்கு, 6,000 என்பது பெரிய எண்ணாகத் தோன்றாது.

இரண்டு வருஷம் கழிந்தது. குழந்தைக்குப் பேச்சு வந்து, டெலிபோன் திரையில் "பாட்டி, வா" என்று கூப்பிட ஆரம்பித்ததும் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 2025-ஆம் வருஷம் மே மாதத்துக்குச் சீட்டு வாங்கினோம். இந்தத் தடவை பெட்டிகளை அப்பாவிடம் விட்டுவிட்டு, காலடிப் பையை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் பரணைக் குடைந்தோம். பெரியப்பாவின் பழைய ஏர் இந்தியா பை ஒன்று கிடைத்தது. ரெக்ஸின் தோள் பை. ஓரத்தில் மீசை வைத்த மகாராஜா கும்பிட்டுக்கொண்டு நிற்பார். ஒரு காலத்தில் இந்த மாதிரிப் பை கௌரவச் சின்னமாக இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விமானத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட இதைத் தோளில் மாட்டிக்கொண்டு விழுப்புரம் பாசஞ்சரில் ஏறுவார்கள்! பெரியப்பாவும் அந்த ரகம்தான். எங்கிருந்து சம்பாதித்தாரோ தெரியாது. உருவத்தில் அது மிகச் சரியான பை: மேலே அகலமாகத் திறக்கும், தரையில் வைத்தால் சாயாமல் நிற்கும், ஆசனத்துக்கு அடியில் அடங்கும். ஆனால் ரெக்ஸின் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, ஜிப் துருப்பிடித்துவிட்டது. மகாராஜாவை மறுபடி பரணுக்கே அனுப்பிவிட்டு, நானும் அம்மாவும் தியாகராய நகருக்குப் போனோம்.

பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் தொங்காத பை இல்லை. கடைக்காரர்கள் முதலில் காட்டுவது முதுகில் மாட்டும் பையைத்தான். இளவயசுக்காரர்களுக்குச் சரி. அறுபது தாண்டிய அம்மாளுக்கு முதுகுக்குப் பின்னால் யார் ஜிப்பைத் திறக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? புடவைத் தலைப்பு வேறு மாட்டிக்கொள்ளும். அடுத்து தோல் பைகள். பார்க்க லட்சணம்தான், வெறும் பையே ஒன்றே கால் கிலோ கனத்தது. தோளில் கனம் பையினுடையதா, சாமானுடையதா என்று பிரித்துப் பார்க்கத் தோள்பட்டைக்குத் தெரியாது. இன்னொரு கடையில் பதினெட்டு அறைகள் உள்ள பை ஒன்றைப் பெருமையுடன் விரித்துக் காட்டினார்கள். அம்மா அதற்குள் தன் கைக்குட்டையை வைத்துவிட்டுத் திருப்பி எடுக்க மூன்று நிமிஷம் பிடித்தது.

இந்தக் கடையில்தான் எனக்கு ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. பைகளின் உட்புறத் துணி பெரும்பாலும் கறுப்பு. அழுக்குத் தெரியாது என்பதற்காகப் போடுகிறார்கள். ஆனால் விளக்கணைத்த விமானத்தில் கறுப்புப் பைக்குள் கறுப்புக் கண்ணாடிக் கூட்டைத் தேடுவது என்பது, அமாவாசை இரவில் கிணற்றில் குடத்தைத் தேடுவது மாதிரி. உள்ளே வெளிர் நிறம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை, கேட்டால் சிரிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு பை அகப்பட்டது. அழுத்தமான கான்வாஸ் துணி, மாம்பழ மஞ்சள் நிறம், உட்புறம் வெள்ளை. மேல்வாய் முழுவதும் ஒரே ஜிப். தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ள நீளமான பட்டை. உடம்பை ஒட்டியிருக்கும் பக்கத்தில் பாஸ்போர்ட்டுக்கு ஒரு தனி அறை. நீளம் ஒன்றேகால் அடி, உயரம் ஓர் அடி. மிருதுவாக இருந்ததால் அமுக்கினால் அடங்கும். ஆசனத்தின் அடியில் உள்ள இடம் விமானத்துக்கு விமானம் மாறுகிறது. விறைப்பான பை என்றால் சண்டித்தனம் செய்யும்.

"கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி இருக்கிறதே!" என்றாள் அம்மா. அதைவிடப் பெரிய பாராட்டு அவள் வாயிலிருந்து வராது. வாங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் ஒத்திகை வைத்தேன். சிரிக்காதீர்கள்! சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் மூன்றை வரிசையாகப் போட்டு, எதிரில் மூன்று நாற்காலிகளை முதுகு காட்டி நெருக்கமாக வைத்தேன். சுவரோரம் அம்மா, நடுவில் நான் மூதாட்டி, ஓரத்தில் அப்பா இளைஞன். விளக்கை அணைத்தோம். அப்பா வேஷத்தில் முழுமையாக லயித்து, ஐந்தே நிமிஷத்தில் நிஜமாகவே குறட்டைவிட ஆரம்பித்தார்.

"இப்போது மாத்திரை வேளை" என்றேன்.

அம்மா குனிந்து பையை இழுத்தாள். ஜிப்பைத் திறந்தாள். மாத்திரை, தண்ணீர்ப் புட்டி, கண்ணாடி, சால்வை எல்லாம் அரை நிமிஷத்தில் வெளியே வந்தன. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"சரி, இப்போது நீ எழுந்து நடந்துவிட்டு வரவேண்டும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இருக்கட்டும்டி, அப்புறம் நடந்துக்கறேன். மத்தியானம் வெயிலில் அலைந்தார். தூங்கட்டும்" என்றாள்.

சொந்த வீட்டில், சொந்தப் புருஷனை, ஒத்திகையில்கூட அவளால் எழுப்ப முடியவில்லை! இருட்டில் நான் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். எத்தனை ராத்திரிகள் ரெயிலிலும் பஸ்ஸிலும், கல்யாணச் சத்திரத்து ஜமக்காளத்திலும், இவள் இப்படிக் காலை மடக்கிக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்தாளோ! என் மடியிலும் தங்கை மடியிலும் உறைக்காதபடி வெயிலை மறைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்து வந்த பஸ் பிரயாணங்கள் ஞாபகம் வந்தன. அவளுக்கு அப்போது தாகமே எடுக்காது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளே ஆசனத்தை மாற்றினேன். மேகமும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம், நடைபாதை ஓரம். யாரையும் எழுப்பாமல் எழுந்து போகலாம். காலை நீட்டிக்கொள்ளட்டும் என்று கூடுதல் பணம் கட்டி, அந்தப் பகுதியிலேயே முதல் வரிசையாகப் பார்த்து எடுத்தேன். இதில் நான் செய்த தவறு என்ன என்று விமானப் பயணத்தில் தேர்ந்தவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

பைக்குள் என்ன வைத்தோம் என்று கேட்பீர்கள். பயணத்துக்கும் மேலும் மூன்று நாளைக்கும் ஆன மாத்திரைகள், கடையில் கொடுத்த அட்டையோடு. டாக்டர் சீட்டு அதனுடனேயே. டப்பியில் உதிரியாகக் கொட்டிக்கொண்டு போனால் இது என்ன, அது என்ன என்ற கேள்விகளுக்கு இடம் உண்டாகும். நாள் மாறி நேரம் மாறிப் போவதால் எந்த மாத்திரை எப்போது என்று எங்கள் டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கினோம். "விமானத்தில் இருக்கிறவரை கைக்கடிகாரத்தைத் திருப்பாதீர்கள், சென்னை நேரப்படியே போடுங்கள்" என்றார். இது அம்மாவுக்கு அவர் சொன்னது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

காலியான தண்ணீர்ப் புட்டி ஒன்று. பரிசோதனை தாண்டியபின் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். 2006-ஆம் வருஷம் ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி ஒன்று பிடிபட்டதிலிருந்து வந்த வினை இது: எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேற்படாத புட்டியில்தான் போகவேண்டும் என்ற கட்டுப்பாடு இன்னும் பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. நெய், ஊறுகாய், தயிர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். அமெரிக்கா போகிறவர்களுக்குப் பொடிக்கும் ஒரு கண்: 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடி கையில் இருந்தால் தனியே பிரித்துப் பார்ப்பார்கள். ஆகவே பருப்புப் பொடி, பெரிய பெட்டியிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய். இது அம்மாவின் யோசனை. முதல் பயணத்தில் அவளுக்கு உதடு வெடித்து, மூக்கு உலர்ந்து எரிந்ததாம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவிகிதத்துக்கும் கீழே இருக்கிறது. காற்றழுத்தமும், 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதுபோலத்தான் வைக்கப்படுகிறது. ஊட்டி ஏழாயிரத்துச் சொச்சம் அடி என்று நினைவு வைத்துக்கொண்டால் விஷயம் சுலபமாகப் புரியும். ஊட்டிக்குப் போகிறோம் என்று சொன்னால் சால்வையும் காலுறையும் யாராவது மறப்பார்களா? மழை இல்லாத ஊட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிபோனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பாங்கையும் இந்தப் பையில்தான் வைத்தோம். இதைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது என்பது விதி. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற விமானம் ஒன்றின் மேல்தட்டில் தீப் பிடித்தது. நல்லவேளையாக எல்லோரும் இறங்கித் தப்பினார்கள். அதன் பிறகு, பவர் பாங்கை மேல்தட்டில் வைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று பல விமானக் கம்பெனிகள் சொல்ல ஆரம்பித்துவிட்டன. புகை வந்தால் உடனே தெரியவேண்டும் அல்லவா?

இந்தச் செய்தியை நான் படித்துக்காட்டிக் கொண்டிருந்தபோதுதான் அம்மா திடீரென்று ஒரு கேள்வி கேட்டாள்: "அப்படி ஏதாவது நடந்தால், இந்தப் பையை எடுத்துக்கொண்டு ஓடவேண்டுமா, போட்டுவிட்டு ஓடவேண்டுமா?"

போட்டுவிட்டுத்தான் ஓடவேண்டும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவில் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய பெரிய விமானம் ஒன்று, ஓடுபாதையில் இருந்த கடலோரக் காவல் விமானத்தின்மீது மோதித் தீப்பற்றியது. சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் மாண்டுபோனார்கள். ஆனால் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினார்கள். சாமான்களை விட்டுவிட்டு, பணியாளர்கள் சொன்ன வழியில் சறுக்கி இறங்கியதால் அது சாத்தியமாயிற்று என்று உலகமே அவர்களைப் பாராட்டியது. அவரவர் பையைத் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அம்மா கேட்டுக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் தையல் மெஷின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பழைய அரக்கு நிற ரவிக்கைத் துணி ஒன்றை வெட்டி, இரட்டை நாடா கோத்து, ஒரு சுருக்குப் பை தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பாட்டி வெற்றிலைக் காம்பும் சில்லறையுமாக இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாளே, அதே பைதான். பாஸ்போர்ட் நுழைகிற அளவுக்குச் சற்றுப் பெரிது.

"இது எதற்கு? பையில்தான் அறை இருக்கிறதே?"

"அது விட்டுவிட்டு ஓடுகிற பை. இது என்னோடு ஓடுகிற பை" என்றாள் அம்மா.

பாஸ்போர்ட், ஒரு நாளைய மாத்திரைகள், தங்கையின் விலாசமும் டெலிபோன் நம்பரும் எழுதிய தாள், மடித்த டாலர் நோட்டு நாலு, சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ள நாலு கல்கண்டு. அவ்வளவுதான் அதற்குள். பரிசோதனையின்போது எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு மறுபடி செருகிக்கொள்ள வேண்டும். அதையும் இரண்டு தரம் ஒத்திகை பார்த்தோம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று நம் பெரியவர்கள் சொன்னது திருடனை நினைத்து. இங்கே மடியில் கொஞ்சம் கனம் இருந்தால்தான் வழியில் பயமில்லை போலிருக்கிறது என்று நான் கேலி செய்தேன். அம்மா நாடாவைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "செய், செய்" என்றாள்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். முதல் வரிசை ஆசனத்துக்கு முன்னால் வேறு ஆசனம் கிடையாது, வெறும் சுவர். முன் ஆசனம் இல்லாவிட்டால் அதன் அடியில் பையை எப்படி வைப்பது? கிளம்பும்போதும் இறங்கும்போதும் முதல் வரிசைக்காரர்கள் சின்னப் பையையும் மேலே வைத்துவிட வேண்டும். அவசர வழியை ஒட்டிய வரிசையிலும் இதே சட்டம்தான். பதினைந்து நாள் தேடி வாங்கிய என் மாம்பழ மஞ்சள் பையைப் பணிப்பெண் புன்சிரிப்போடு எடுத்து மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள்!

போதாததற்கு, அன்றைக்கு மேகக் கூட்டத்தில் விமானம் ஆட்டம் கண்டது. பெல்ட்டைக் கழற்றாதீர்கள் என்ற விளக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அணையவில்லை. யாரும் எழுந்திருக்கக் கூடாது. சென்னைக் கடிகாரத்தில் மாத்திரை வேளை. அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சுருக்கை இழுத்து மறுபடி செருகிக்கொண்டாளாம். விளக்கு அணைந்தபின் அவளே எழுந்து மேல்தட்டிலிருந்து பையை இறக்கி, காலடியில் வைத்துக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை பின்கட்டுவரை நடந்தாளாம். தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அனுப்பிய முதல் படம் என்ன தெரியுமா? பேத்தியின் படம் அல்ல. வீக்கமில்லாத தன் இரண்டு கால்கள்!

மூன்று மாசம் கழித்து, ஆகஸ்டில் திரும்பி வந்தாள். மீனம்பாக்கத்தில் அவளை அழைத்துக்கொண்டு காரில் வரும்போது, "திரும்பி வரும்போது பக்கத்தில் யார்?" என்று விசாரித்தேன்.

"ஒரு மதுரைக்கார அம்மாள். என்னைவிட நாலு வயசு பெரியவள். மூட்டு வலி வேறு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, என்னை எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே முழித்துக்கொண்டு கிடந்தாள். எனக்குத் தெரியாதா? நானே அவளைக் கிளப்பி மூன்று தடவை நடத்தி அழைத்துக்கொண்டு போனேன்."

பிறகு மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தைப் பிரித்தாள். மதுரை விலாசம் ஒன்று எழுதியிருந்தது.

"பீரோவில் அந்த மயில் கழுத்து ரவிக்கைத் துணி இருக்கிறது பார், வீட்டுக்குப் போனதும் எடுத்து வை. அவளுக்கு ஒன்று தைத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்."